பெயரின் ஓசையும் ஒரு முதலீடுதான்

புதிய பொருளொன்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் நமது வியாபாரிகள் சரக்கின் விலை, பொதி, லேபல், விநியோகம் என எல்லாவற்றையும் பலமுறை கணக்குப் பார்ப்பார்கள். பெயரை மட்டும் அரைமணி நேரத்தில் முடிவு செய்து அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளின் பெயர்களிலிருந்து இரண்டு எழுத்துக்களை எடுத்து ஒட்டுவது பலரது வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலகறிந்த நமது நாட்டுத் தேயிலையான டில்மாவின் பெயரையும் மெரில் ஜே. பெர்னாண்டோ தமது புதல்வர்களான டில்ஹான், மாலிக் ஆகியோரின் பெயர்களை இணைத்தே உருவாக்கினார். ஆனால் எல்லா ஒட்டுப் பெயர்களும் இப்படி வாயில் இலகுவாக உருள்வதில்லை. அகராதியில் இல்லாத சொல்லுக்கும் அதன் ஓசை ஓர் அர்த்தத்தைக் கொடுத்துவிடுகிறது. அந்த அர்த்தம் உங்கள் சரக்குக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

இது வெறும் ஊகம் அல்ல. 1929ஆம் ஆண்டு எட்வர்ட் சபீர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 'மால்', 'மில்' என்று பொருளற்ற இரண்டு சொற்களைச் சொன்னார். இரண்டும் மேசையின் பெயர்கள், எது பெரிய மேசை என்று கேட்டார். ஏறக்குறைய 80 வீதமானோர் 'மால்' என்றே பதில் சொன்னார்கள். 'ஆ' என்று சொல்ல வாய் விரிகிறது. 'இ' என்று சொல்ல ஒடுங்குகிறது. சிறிய பொருட்களும் சிறிய உயிர்களும் எழுப்பும் சத்தம் கீச்சென்று மெல்லியதாக இருப்பதும் நாம் அறிந்ததே.

2001இல் தமிழரான மூளை விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹபர்டும் 'பூபா', 'கிக்கி' என்ற இரண்டு சொற்களைப் பிரபலப்படுத்தினார்கள். ஒன்று உருண்டை வளைவுகள் கொண்ட படம், மற்றது கூரிய முனைகள் கொண்ட படம். எந்தப் பெயர் எதற்கு என்று கேட்டால் மிகப் பெரும்பாலானோர் உருண்டைக்குப் பூபா, கூரியதற்குக் கிக்கி என்கிறார்கள். பின்னர் 25 மொழிகளைப் பேசும் 917 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்விலும் சுமார் 72 வீதமான பதில்கள் அப்படியே அமைந்தன. ஆனால் துருக்கி, ருமேனிய, சீன மொழி பேசுவோரிடம் இந்தப் போக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே இது பரவலான ஒரு சாய்வுதானே தவிர மாறாத சட்டம் அல்ல.

நம் பேச்சிலேயே இதைப் பார்க்கலாம். 'வழவழ', 'கொழுகொழு' என்பவற்றையும் 'கரகர', 'கரடுமுரடு' என்பவற்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மென்மையும் சொரசொரப்பும் நாவிலேயே தெரியும். அதேவேளை ஆங்கிலத்தில் பெரியதைக் குறிக்கும் 'பிக்' என்ற சொல்லில் ஒடுங்கிய ஓசையும், சிறியதைக் குறிக்கும் 'ஸ்மோல்' என்பதில் விரிந்த ஓசையும் இருக்கின்றன. பழகிய சொல்லுக்கு ஓசை தேவைப்படுவதில்லை, அர்த்தமே போதும். புதிதாக உருவாக்கிய பெயருக்கோ முதல் நாளில் ஓசையைத் தவிர வேறு துணை இல்லை.

வியாபாரத்துக்கு இது எவ்வளவு உதவும்? 2004இல் எரிக் யோர்க்ஸ்டன், கீதா மேனன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், புதிய ஐஸ்கிறீம் ஒன்றுக்கு சிலரிடம் 'ஃப்ரிஷ்' என்றும் சிலரிடம் 'ஃப்ரோஷ்' என்றும் பெயர் சொல்லப்பட்டது. 'ஃப்ரோஷ்' என்று கேட்டவர்களே அது கூடுதலான கிறீமும் வழுவழுப்பும் உள்ளதாக இருக்கும் என்று கருதினார்கள். 2007இல் வெளியான இன்னொரு ஆய்வில் கத்திக்கு 'இ' போன்ற ஒடுங்கிய ஓசையும், சுத்தியலுக்கு 'ஒ' போன்ற விரிந்த ஓசையுமே மக்களுக்குப் பிடித்திருந்தன. நல்ல ஓசை, கெட்ட ஓசை என்று தனியாக எதுவுமில்லை. சரக்குக்கு ஏற்ற ஓசைதான் உண்டு. குழந்தைகளுக்கான சவர்க்காரத்துக்கு ம, ல போன்ற மெல்லோசை பொருந்தும். ஆணி, பிளேட் விற்பவருக்கு க, ட போன்ற வல்லோசை பொருந்தும்.

ஜோர்ஜ் ஈஸ்ட்மன் இதைப் பெரிய ஆய்வெதுவும் இல்லாமலே உணர்ந்திருந்தார். 1888இல் அவர் உருவாக்கிய 'கொடக்' என்ற பெயருக்கு எந்த மொழியிலும் அர்த்தம் இல்லை. ஆங்கிலத்தின் 'கே' எழுத்து உறுதியானது என்று அவர் விரும்பியதால் அதையே தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தார். பெயர் சிறியதாகவும் பிழையாக எழுத முடியாததாகவும் இருக்க வேண்டும் என்பதும் அவரது நோக்கம்.

அடுத்த சோதனை பிற மொழிகள். ஜப்பானில் அகியோ மொரிட்டாவும் மசாரு இபுக்காவும் தமது கம்பனிக்கு முதலில் 'ஸொன்னி' என்ற பெயரையே யோசித்தார்கள். ஆனால் ஜப்பானிய மொழியில் 'ஸொன்' என்றால் நட்டம். எந்த வியாபாரி நட்டத்தைப் பெயர்ப் பலகையில் எழுதுவான்? ஓர் எழுத்தைக் குறைத்து 'சோனி' ஆக்கினார்கள்; 1958இல் கம்பனியின் பெயரும் அதுவாகியது. நமது வீதிகளில் பஜேரோ, மொன்டெரோ என்ற இரு பெயர்களிலும் ஓடுவது ஒரே மிட்சுபிஷி வாகனமே. முதலாவது பெயர் ஸ்பானிய மொழியில் சபையில் சொல்லத் தகாத சொல் என்பதாலேயே அந்த மொழி பேசும் நாடுகளுக்கு இரண்டாவது பெயர் வந்தது. ஆனால் கேட்கும் கதைகளையெல்லாம் நம்பவும் கூடாது. 'ஓடாது' என்று பொருள்படுவதால் ஷெவர்லே நோவா கார் ஸ்பானிய நாடுகளில் விற்கவில்லை என்பார்கள். உண்மையில் அது மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்பனையானது.

நமது நாட்டில் ஒரே லேபல் மூன்று மொழிகளில் போகிறது. 'பாமா' என்று தமிழில் எழுதினால் முதலெழுத்தை 'பாட்டு' என்பதிலுள்ளது போலவும் வாசிக்கலாம், 'பாபு' என்பதிலுள்ளது போலவும் வாசிக்கலாம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அவற்றுக்கு வெவ்வேறு எழுத்துக்கள். மத்திய கிழக்குக்குத் தேயிலையோ மசாலாவோ அனுப்புபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரபு எழுத்தில் 'பாட்டு' என்பதன் ஓசை இல்லை. பெப்சியையே அங்கு 'பாபு'வின் ஓசையில்தான் எழுதுகிறார்கள்.

ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் முன் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். பெயரைத் தொலைபேசியில் மட்டும் சொல்லி, மூன்று மொழிக்காரரிடமும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சரக்கைக் காட்டாமல், இந்தப் பெயரில் என்ன விற்பார்கள் என்று கேளுங்கள். பிறகு தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஒத்த பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, சரக்கின் வகையை அல்லது தரத்தை மட்டுமே சொல்லும் பெயரைப் பதிவது கடினம். உருவாக்கிய பெயருக்கு அந்தத் தடை இல்லை. பதிவு 10 வருடங்களுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் முடியும்.

நல்ல பெயர் வாடிக்கையாளரை ஒருமுறை கடைக்கு அழைத்து வரும். இரண்டாவது முறை அவரை வரவழைப்பது சரக்கின் தரம்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் பொதி அச்சிட்ட பிறகு பெயரை மாற்றும் செலவைத் தரமான சரக்காலும் ஈடுசெய்வது கடினம். சொல்லிப் பார்ப்பதற்கோ ஒரு சதமும் செலவில்லை.