கம்ப்யூட்டர் அடிக்கடி நின்னு போகுதா? எப்போ நிக்குதுன்னு எழுதி வையுங்க!



நோட்டில் மட்டும் எழுதி வந்த குழுக் கணக்கை இப்போது பல ஊர்களில் கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைக்கிறோம். சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கித் தவணை எல்லாம் அதில் இருக்கிறது. சில வீடுகளில் பிள்ளைகள் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டரிலேயே குழுக் கணக்கும் நடக்கிறது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர், "வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே பட்டுனு ஆஃப் ஆயிடுதுங்க" என்றால் சும்மா விட முடியுமா?

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "ஃபார்மேட் பண்ணிடலாம்." இன்னொன்று, "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க." முதலாவதில் கணக்கு அழிந்துபோகும். இரண்டாவதில் காசு போகும். இரண்டுக்கும் தலையாட்டுவதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியது இருக்கிறது.

முதல் வேலை: கணக்கைக் காப்பாற்றுவது

கம்ப்யூட்டர் ஓடுகிற நேரம் பார்த்து, குழுக் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுங்கள். இன்னொரு நகலை வேறு ஒருவர் வீட்டில் வையுங்கள். ஃபார்மேட் என்பது சிலேட்டை அழிப்பது மாதிரி. அழித்த பிறகு எழுத்தைத் தேடுவது கஷ்டம்.

இரண்டாவது வேலை: ஒரு நோட்டு போடுவது

தீர்மானப் புத்தகம் எழுதுகிற நமக்கு இது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நாலு விஷயம் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி? போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு? அப்போது வீட்டில் மோட்டார், கிரைண்டர் ஏதாவது ஓடியதா? திரையில் என்ன தெரிந்தது? பத்து நாள் எழுதினால் போதும், காரணம் தானாகப் பிடிபடும்.

போட்டு அரைமணி நேரத்தில் நிற்கிறதா? சூடுதான்!

உள்ளே இருக்கும் பிராசசர் ரொம்பச் சூடானால், சுமார் 100 டிகிரியைத் தொடும்போது, கருகிப் போகாமல் இருக்கத் தானே மெஷினை நிறுத்திவிடும். நம்ம டெல்டாவில் அறுவடை நேரத்துத் தூசியும் தும்பும் ஃபேனில் போய் அடைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மூடியைத் திறந்து, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளுங்கள். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிராசசர் மேலே தடவியிருக்கும் பசை, வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்தது மாதிரி ஆகியிருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லிப் புதுசாகத் தடவச் சொல்லுங்கள். மடிக்கணினியை நாமே திறக்க வேண்டாம். மெத்தை மேல் வைக்காமல் மேஜையில் வைத்தாலே அடியில் காற்றோட்டம் கிடைக்கும்.

மோட்டார் போடும்போது நிற்கிறதா? கரண்ட்தான்!

நம் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். மோட்டாரும் கிரைண்டரும் கிளம்பும்போது ஒரு நொடி வோல்டேஜ் இறங்கும். அந்த ஒரு நொடி போதும், கம்ப்யூட்டர் விழுந்துவிடும். கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இருந்தால் நல்லது. யு.பி.எஸ். இருந்தால் அதையும் சோதியுங்கள். வேலையை எல்லாம் சேமித்துவிட்டுச் சுவர் சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். கம்ப்யூட்டரும் உடனே அணைந்தால் யு.பி.எஸ். பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். இது உயிர் விஷயம்.

நேரம் காலம் இல்லாமல் நிற்கிறதா? நீலத்திரை வருகிறதா?

தரங்கம்பாடியில் கடற்காற்று இரும்பு ஜன்னலையே தின்றுவிடுகிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மெல்லிய தொடர்புகளை விட்டுவிடுமா? ரேம் என்ற சின்னப் பட்டையின் ஓரத்தில் தங்க நிறக் கோடுகள் இருக்கும். அதில் உப்பு ஈரம் படிந்தால் கம்ப்யூட்டர் தடுமாறும். விவரம் தெரிந்த பிள்ளையை வைத்துக்கொண்டு, பிளக்கைக் கழற்றி, முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, ரேமை எடுத்துப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டலாம். பழைய போர்டாக இருந்தால், அதிலுள்ள உருளை வடிவ கெப்பாசிட்டர்களின் உச்சி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பியிருந்தால் மெக்கானிக் வேலை.

டிக் டிக் சத்தம் வருகிறதா?

ஹார்ட் டிஸ்க் தேய்கிறது. அதன் பிறகு பாட்டு, படம் எதுவும் போடாதீர்கள். நகல் எடுப்பது ஒன்றுதான் வேலை.

தேதி தானாகப் பின்னுக்குப் போகிறதா?

போர்டில் இருக்கும் 2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. விலை குறைவுதான். ஆனால் கவனிக்காவிட்டால் இந்த மாதம் கட்டிய தவணை பழைய வருஷத் தேதியில் பதிவாகிவிடும்.

புதுசாக எதையாவது ஏற்றிய பிறகு நிற்கிறதா?

அப்படியானால் கோளாறு மென்பொருளில் இருக்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தப்பான அப்டேட்டால், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றன. விமான நிலையங்களே திணறின. அந்த மெஷின்களில் ஒரு பாகமும் கெட்டுப்போகவில்லை. அந்தக் கோப்பை நீக்கியதும் ஓடின. ஆகவே கடைசியாக ஏற்றியதை முதலில் நீக்கிப் பாருங்கள். ஊரெல்லாம் சுற்றிவந்த பென் டிரைவைச் செருகிய பிறகு ஆரம்பித்தது என்றால் வைரஸ் சோதனை செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எச்சரிக்கை

மின்கம்பி செருகும் இடத்தில் உள்ளே ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதன் பெயர் எஸ்.எம்.பி.எஸ். பிளக்கைக் கழற்றின பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதை மட்டும் யாரும் திறக்கக் கூடாது.

கடற்கரை ஊருக்குத் தனிக் கவனம்

கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் புகும். சூடு ஆறிய பிறகே உறை போடுங்கள். இடி மின்னல் என்றால் சுவரிலிருந்து பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். "நல்லா ஓடுது, திடீர்னு நிக்குது" என்று சொன்னால் அவரும் குத்துமதிப்பாகத்தான் பார்ப்பார். "பத்து நாளில் ஏழு தடவை, எல்லாமே மத்தியானம், போட்டு இருபது நிமிஷத்தில்" என்று சொன்னால் அவர் நேராக ஃபேனைத்தான் பார்ப்பார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் வாங்குங்கள். நகல் எடுத்தாச்சு என்று நம் கண்ணால் பார்க்காமல் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

சகோதரிகளே, அந்தப் பெட்டிக்குள் இருப்பது நாம் வாராவாரம் கட்டிய பணத்தின் கணக்கு. அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, மாதம் ஒருமுறை நகல் எடுக்கும் பொறுப்பு யாருக்கு என்று தீர்மானம் போட்டு எழுதிவிடுங்கள்.