வயதும் குரலும்

திரைக்குப் பின்னால் நின்று ஒருவர் பேசினாலும், அவர் குழந்தையா, வாலிபரா, முதியவரா என்பதைக் கேட்பவர் பெரும்பாலும் கூறிவிடுவர். தலை நரைப்பதைப் போலவும் முகத்தில் சுருக்கம் விழுவதைப் போலவும் குரலிலும் வயது தன் முத்திரையைப் பதிக்கின்றது. எனினும், நரையைக் கண்டு கவலைகொள்ளும் மக்கள் குரலைப் பற்றி அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. குரல் கம்மினால் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகின்றனர். இம்மாற்றங்களுள் இயற்கையானது எது, நோயின் அறிகுறி எது என்பதைப் பகுத்தறிதல் சில சமயங்களில் உயிரையே காக்கக் கூடும்.

குரல் பிறக்கும் இடம்

கழுத்தின் முன்புறத்தில், மூச்சுக் குழாயின் உச்சியில் அமைந்திருப்பது குரல்வளை. குருத்தெலும்புகளாலான இப்பெட்டியினுள் இரண்டு தசை மடிப்புகள் எதிரெதிராக உள்ளன. இவையே குரல் நாண்கள். மூச்சு விடும்போது இவை விலகி நிற்கின்றன; பேசும்போது நெருங்கி வருகின்றன. நுரையீரலிலிருந்து எழும் காற்று இவற்றைத் தள்ளித் திறக்க, இவை மீண்டும் மூடிக்கொள்கின்றன. வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நிகழும் இத்திறப்பும் மூடலுமே ஒலியாகின்றன. அவ்வொலி தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் வழியே வரும்போது உருப்பெற்றுப் பேச்சாகின்றது.

உயிருள்ள மனிதரின் குரல் நாண்கள் அசைவதைத் தெளிவாகக் கண்டு விவரித்தவர் மருத்துவரல்லர். மானுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர். 1854-ஆம் ஆண்டில் அவர் பல் மருத்துவரின் சிறு கண்ணாடி ஒன்றைத் தம் தொண்டையினுள் செலுத்தி, சூரிய ஒளியை அதன்மீது பாய்ச்சி, மற்றொரு கண்ணாடியின் உதவியால் தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய ஆய்வுரை படிக்கப்பட்டது. குரல்வளை மருத்துவத்துக்கு வழிகோலிய அப்பெரியார் 101 வயது வரை வாழ்ந்தார்.

மழலை முதல் மகரக்கட்டு வரை

பிறந்த குழந்தையின் குரல் நாண்கள் சில மில்லி மீட்டர் நீளமே உள்ளவை. தந்தி குறுகினால் சுருதி உயரும் என்பது வீணை வாசிப்போர் அறிந்ததே. எனவே, குழந்தையின் அழுகை வினாடிக்கு ஏறத்தாழ 400 முதல் 500 அதிர்வுகளைக் கொண்டதாக உள்ளது. அதன் குரல்வளை கழுத்தில் மிக உயரத்தில் அமைந்திருப்பதால், பால் அருந்திக்கொண்டே மூச்சு விடவும் அதனால் இயலுகின்றது. வளர வளரக் குரல்வளை கீழே இறங்குகின்றது. தொண்டையின் வெளி நீள்கின்றது. பலவகை உயிரொலிகளை எழுப்புவதற்கு வேண்டிய இடம் கிடைக்கின்றது.

ஜப்பானிய ஆராய்ச்சியாளர் மினோரு ஹிரானோ 1974-ஆம் ஆண்டில், குரல் நாண் ஒரே பொருளாலான கயிறு அன்று, தசையின் மேல் மெல்லிய படலங்கள் போர்த்திய அமைப்பு என விளக்கினார். பிறந்த குழந்தையிடம் இப்படலங்கள் பிரிந்து காணப்படுவதில்லை. குழந்தைப் பருவத்தில் படிப்படியாக உருவாகும் அவை, குமரப் பருவத்திலேயே முழுமை அடைகின்றன.

சிறுவர், சிறுமியரின் குரலில் பெரிய வேறுபாடு இல்லை. குமரப் பருவத்தில் நிலைமை மாறிவிடுகின்றது. ஆண்பால் ஹார்மோனின் தூண்டுதலால் சிறுவனின் குரல்வளை விரைந்து பெருக்கின்றது. அதன் முன்புறக் குருத்தெலும்பு கழுத்தில் புடைத்துத் தோன்றுகின்றது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதன் பயனாகக் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகின்றது. புதிய கருவியை மூளை ஆளக் கற்கும் வரை குரல் உடைந்தும் பிசிறியும் ஒலிக்கும். இதுவே மகரக்கட்டு. பழைய பாலர் நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் ஏற்ற சிறுவர்கள் பெரிதும் அஞ்சியது இதற்கே. சிறுமியரின் குரலும் இப்பருவத்தில் இறங்குகின்றது. ஆயினும் மூன்று நான்கு ஸ்வரஸ்தானங்களுக்கு மேல் இல்லையாதலால் அது எவர் கவனத்துக்கும் வருவதில்லை.

வளர்ந்த ஆணின் குரல் நாண்கள் ஏறத்தாழ 17 முதல் 25 மில்லி மீட்டரும், பெண்ணினுடையவை 12 முதல் 17 மில்லி மீட்டரும் நீளமுள்ளவை. பேச்சில் ஆண் குரல் வினாடிக்குச் சுமார் 100 முதல் 130 அதிர்வுகளையும், பெண் குரல் 200-க்குச் சற்று மேற்பட்ட அதிர்வுகளையும் கொண்டுள்ளது. கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் சுருதி வைத்துக்கொள்வதன் காரணமும் இதுவே.

பாடகர் குழுவின் ஏடுகள்

மகரக்கட்டு நிகழும் வயது எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில், தாமஸ் தேவாலயப் பாடகர் குழுவை 1723 முதல் 1750 வரை நடத்தியவர் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக். எந்த மாணவன் எந்த ஆண்டில் எக்குரலில் பாடினான் என்பதற்கு அக்காலக் குறிப்புகள் உள்ளன. 1970-ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்தபோது, அச்சிறுவர்களுக்குக் குரல் உடைந்த சராசரி வயது பதினாறரைக்கும் பதினேழுக்கும் இடைப்பட்டதெனத் தெரியவந்தது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் நடந்த ஆண்டுகளில் அது மேலும் தாமதித்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரப் பாடகர் பள்ளியில் 1994-க்கும் 2003-க்கும் இடையே எடுத்த கணக்கிலோ அது 14 வயதை ஒட்டியிருந்தது. உணவும் உடல்நலமும் சீர்பட்டதே இம்முன்னேற்றத்துக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றது. ஆகவே, குரல் தனி மனிதனின் வயதை மட்டுமன்றி, ஒரு சமுதாயத்தின் ஊட்டநிலையையும் உணர்த்துகின்றது எனலாம்.

முதுமையின் குரல்

வாலிபம் கடந்ததும் மாற்றம் மெதுவாகத் தொடர்கின்றது. குரல்வளையின் குருத்தெலும்புகள் சிறிது சிறிதாக எலும்பாக இறுகுகின்றன. முதுமையில் குரல் நாண்களின் தசை மெலிகின்றது. நெகிழ்வு தரும் இழைகள் குறைகின்றன. நாண்கள் வில்போல் வளைந்து, நடுவே முற்றும் பொருந்தாமற் போவதால் காற்று கசிகின்றது. நுரையீரலின் ஆற்றலும் குன்றுவதால் நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் கூற முடிவதில்லை. குரல் தளர்ந்து, சிலருக்கு நடுங்கவும் செய்கின்றது.

இங்கும் ஆண், பெண் வேறுபாடு உண்டு. நாண்கள் மெலிவதால் முதிய ஆண்களின் சுருதி சற்றே உயர்கின்றது. பெண்களுக்கோ, மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாற்றத்தால் நாண்கள் தடித்து, சுருதி இறங்குகின்றது. பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத் 1952 முதல் நிகழ்த்திய கிறிஸ்துமஸ் உரைகளின் ஒலிப்பதிவுகள் இவ்வகை ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்பட்டன. அவருடைய உயிரொலிகள் பொதுமக்களின் உச்சரிப்பை நோக்கி நகர்ந்திருந்ததை 2000-ஆம் ஆண்டிலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய சுருதி இறங்கியதை 2010-ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். முன்னது பழக்கத்தால் வந்தது. பின்னது உடலின் முதுமையால் வந்தது. ஒரே குரலில் இவ்விரண்டும் கலந்தே செயல்படுகின்றன.

கவனிக்க வேண்டுவன

குமரப் பருவம் கடந்தும் சில வாலிபர்களுக்குக் குரல் மெல்லியதாகவே நின்றுவிடுவதுண்டு. பெரும்பாலோரின் குரல்வளை முறையாகவே வளர்ந்திருக்கும். பழைய பழக்கம் மட்டும் மாறியிராது. கேலிக்கு அஞ்சி வாய் திறவாது ஒதுங்கும் இவர்களுக்குத் தக்க குரற்பயிற்சி பெரும்பாலும் சில வாரங்களிலேயே பலன் தருகின்றது. முதியோரின் தளர்ந்த குரலையும் மூச்சுப் பயிற்சியாலும் குரற்பயிற்சியாலும் ஓரளவு வலுப்படுத்த இயலும். இத்துறையில் வல்லுநர்களைப் பயிற்றுவிக்க மத்திய அரசு 1965-ஆம் ஆண்டில் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தை அமைத்தது.

குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், வயது எதுவாயினும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். புகை பிடிப்போர் இதில் சிறிதும் தாமதிக்கலாகாது. குரல் நாணில் தோன்றும் புற்றுநோய், ஏனைய பல புற்றுநோய்களைப் போலன்றித் தொடக்கத்திலேயே கம்மலால் தன்னை வெளிப்படுத்திக்கொள்வது. அந்நிலையில் கண்டுகொண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம், குரலையும் காப்பாற்றலாம். முதுமையின் தளர்ச்சி பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல வருவது. சில வாரங்களில் திடுமென வந்து நிலைக்கும் கம்மலை முதுமையின் கணக்கில் எழுதிவிடுதல் தவறு.