பாட்டிக்கு எந்த போன்? தெரிந்தால் அசந்துபோவீர்கள்!

போளூரை ஒட்டி எழுந்து நிற்கும் ஜவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று கண்டறிந்த ஆய்வுகளில், அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு என்பது தெரியுமா? 250 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பது அந்த மலையிலிருந்து தெரிந்தது! அதே மலையடிவாரத்தில், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீடுகளில், கையிலிருக்கும் போனில் கூப்பிடுவது யார் என்று தெரியாமல் தவிக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! குறை அவர்களிடம் இல்லை. அவர்களுக்குத் தோதான கருவியை நாம் பார்த்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பார்த்துக் கொடுத்தால் என்னென்ன நடக்கும் தெரியுமா? படியுங்கள்!

ஒருவருக்காகச் செய்தது உலகத்துக்கே ஆனது, தெரியுமா?

இத்தாலியைச் சேர்ந்த பெல்லெக்ரீனோ துர்ரி, பார்வையிழந்த தன் தோழி கரோலினா ஃபன்டோனி யார் தயவும் இல்லாமல் கடிதம் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். உருவானது உலகின் முதல் தட்டச்சு இயந்திரங்களில் ஒன்று! இயந்திரம் இன்று இல்லை. ஆனால் 1808-இல் கரோலினா அதில் அடித்த கடிதம் இருக்கிறது!

அமெரிக்காவின் சாம் ஃபார்பர், மூட்டுவலியால் காய் தோல் சீவச் சிரமப்பட்ட மனைவி பெட்ஸியைப் பார்த்துத் தடித்த ரப்பர் கைப்பிடி வைத்த சீவியை யோசித்தார். 1990-இல் சந்தைக்கு வந்த அந்தச் சீவியை, மூட்டுவலி இல்லாதவர்களும் போட்டி போட்டு வாங்கினார்கள்! கருவியைப் பார்ப்பதற்கு முன் மனிதரைப் பார்த்தார்கள் இவர்கள். நாமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

5-ஆம் எண்ணின் மேல் ஒரு புள்ளி இருப்பது தெரியுமா?

பட்டன் போனை எடுத்து 5-ஐத் தடவிப் பாருங்கள். சின்ன மேடு தட்டுப்படும்! கண் தெரியாதவரும் இருட்டில் இருப்பவரும் அதை வைத்தே மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். எண்களின் வரிசைகூடத் தற்செயல் இல்லை. 1963-இல் பொத்தான் தொலைபேசி வருவதற்கு முன், அமெரிக்காவின் பெல் ஆய்வகம் பத்துக்கும் மேற்பட்ட வரிசைகளை மனிதர்களிடம் கொடுத்துச் சோதித்துத்தான் 1-2-3-ஐ மேலே வைத்தது!

2003-இல் வந்த நோக்கியா 1100 நினைவிருக்கிறதா? டார்ச் விளக்கு, தூசி புகாத பொத்தான்கள், கையிலிருந்து வழுக்காத பக்கங்கள். இவ்வளவுதான் அதன் பெருமை. விற்றதோ 25 கோடிக்கும் மேல்! வசதிகளைக் குவிப்பதைவிட, தேவையானதைச் சரியாகக் கொடுப்பதே பெரிது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

கிரீச்சென்ற ரிங்டோன் பெரியவர் காதில் விழாது, தெரியுமா?

வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற மேல் ஒலிகளைத்தான்! ஆகவே சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட, தடித்த, கனமான ஒலி உள்ள ரிங்டோனை வைத்துப் பாருங்கள். அத்தோடு அதிர்வையும் போடுங்கள்.

பேச்சே சரியாகக் கேட்காதவருக்கு ஒரு அதிசயம் இருக்கிறது. கூகுள் 2019-இல் வெளியிட்ட 'லைவ் டிரான்ஸ்க்ரைப்' என்ற செயலி, எதிரே இருப்பவர் பேசப் பேச எழுத்தாகத் திரையில் ஓட்டும். தமிழிலும் ஓட்டும்! அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிமித்ரி கனேவ்ஸ்கி, சிறு வயதிலேயே செவித்திறன் இழந்த விஞ்ஞானி!

இருபது வயதுக் கண்ணும் அறுபது வயதுக் கண்ணும் ஒன்றல்ல, தெரியுமா?

அறுபது வயதில் விழித்திரைக்கு வந்துசேரும் வெளிச்சம், இருபது வயதில் வந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்! எனவே எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, திரையின் வெளிச்சத்தையும் கூட்ட வேண்டும். முகப்புத் திரையில் பேரன், பேத்தி படத்தை வைத்து, தொட்டவுடன் அழைப்பு போகும்படியும் செய்யலாம். அழைப்பவர் பெயரைப் போனே உரக்கச் சொல்லும் வசதியும் உண்டு!

உழைத்துக் காய்த்த விரலைத் திரை கண்டுகொள்ளாது, தெரியுமா?

இது பலருக்கும் தெரியாத ரகசியம்! டச் திரை உணர்வது விரலின் அழுத்தத்தை இல்லை; விரல் வழியாக ஏற்படும் மிக நுண்ணிய மின் மாற்றத்தை. நிலக்கடலை பறித்தும் நாற்று நட்டும் காய்த்துப்போன, ஈரப்பசை வற்றிய விரலில் அந்த மாற்றம் குறைவு. "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று தாத்தா போனைத் தள்ளிவைத்தால், அறிவில் குறை என்று நினைத்துவிடாதீர்கள்! சில போன்களில் தொடு உணர்திறனைக் கூட்டும் அமைப்பு இருக்கிறது. டச் திரைக்கான பேனாவும் கிடைக்கும். இரண்டும் ஒத்துவரவில்லையா? பட்டன் போனே சரி.

அல்லது விரலே வேண்டாம், வாய் போதும்! 2017 முதல் கூகுளில் தமிழில் பேசினால் எழுத்தாகிறது. போனின் விசைப்பலகையில், சிலேட்டில் எழுதுவதுபோல விரலால் தமிழ் எழுத்தை வரைந்தாலும் புரிந்துகொள்கிறது!

இன்டர்நெட் இல்லாமல் பணம் அனுப்பலாம், தெரியுமா?

மலையூர்களில் சிக்னல் விட்டு விட்டு வரும். சாமையும் தேனும் விற்றுவிட்டுத் திரும்புபவர் கையில் பட்டன் போன்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம்! ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த 'யுபிஐ 123பே' பட்டன் போனுக்கென்றே வந்தது. சாதாரண அழைப்பு மூலமே பணம் அனுப்பலாம்!

இன்னொன்று, 2024-இல் வந்த 'யுபிஐ சர்க்கிள்'. அம்மா போளூர்க் கடையில் ஸ்கேன் செய்வார், சென்னையில் இருக்கும் மகள் தன் போனில் ஒப்புதல் தருவார், பணம் மகள் கணக்கிலிருந்து போய்விடும்! அம்மாவுக்குத் தனி வங்கிக் கணக்கை இணைக்கும் வேலையே இல்லை.

பார்வை இல்லாதவர் ரூபாய் நோட்டை அறிய, ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லிவிடும். அதற்கும் இன்டர்நெட் வேண்டாம்!

பென்ஷனுக்கு முகமே சாட்சி, தெரியுமா?

உயிர்வாழ் சான்றுக்காக வரிசையில் நின்ற காலம் மாறிவிட்டது. 2014-இல் வந்த 'ஜீவன் பிரமாண்' திட்டத்தில் 2021 முதல் விரல் ரேகைக்குப் பதிலாக முகத்தைக் காட்டியே சான்று தரலாம். ரேகை தேய்ந்த கைகளுக்கு இது எவ்வளவு பெரிய வரம்! போன் இல்லையா? தபால்காரரே கட்டணம் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து பதிந்து தருவார்!

ஆபத்தில் ஒரே பொத்தான், தெரியுமா?

பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும்! இதை முன்கூட்டியே அமைத்து, பழக்கியும் விடுங்கள். ஆம்புலன்சுக்கு 108, முதியோர் உதவிக்கு 14567, இணைய மோசடியில் பணம் போனால் உடனே 1930. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று அதன் கீழேயே எழுதுங்கள்.

வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும், தெரியுமா?

கண்ணா, காதா, விரலா, ஞாபகமா, பயமா? எது தடுக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அவர் வீட்டில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று பாருங்கள். கடைக்கு அவரையும் அழைத்துப் போங்கள், அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு வேலையைக் கற்றுக்கொடுங்கள். அது கைக்கு வந்தபின் அடுத்ததைக் காட்டுங்கள். "கொடுங்க, நானே பண்றேன்" என்று பிடுங்காதீர்கள்!

விலை உயர்ந்ததுதான் நல்ல கருவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாரையும் கேட்காமல் அவர் தானாகப் பயன்படுத்துவதே நல்ல கருவி. வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறீர்களா? அரைமணி நேரம் அப்பா, அம்மா பக்கத்தில் உட்காருங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், ரிங்டோனை மாற்றுங்கள், உங்கள் படத்தை முகப்பில் வையுங்கள். காசு செலவில்லை, இன்றே செய்யலாம்!