சமூக ஊடகமும் பல்கலைக்கழக மாணாக்கர் கல்வியும்

கல்வி கற்றற்கு இன்றியமையாதன காலமும் கவனமுமாம். இவற்றுள் காலம் கழிதல் எளிதிற் புலனாகும். கவனம் சிதைதல் அவ்வாறு புலனாவதன்று. சமூக ஊடகம் மாணாக்கர் கல்வியை எங்ஙனம் தாக்குகின்றது என ஆராயப் புகுவோர் இவ்வேறுபாட்டை முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

முகநூலில் மிகுதியும் ஈடுபடுவோர் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெறுவர் என்பர் பலர். ஆயின், முகநூலால் ஊக்கங் குன்றிற்றா, ஊக்கங் குன்றியோர் முகநூலை நாடினரா என்னும் வினா உடனெழும். காரணம் யாது, காரியம் யாது எனத் துணிதல் எளிதன்று.

இவ்வையத்தை நீக்குதற்கு முகநூலின் வரலாறே துணைபுரிந்தது. 2004ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹாவார்ட் பல்கலைக்கழக மாணாக்கர்க்கென மார்க் சுக்கர்பேர்க் முதலியோர் தொடங்கிய அது, கொலம்பியா, ஸ்ரான்போர்ட், யேல் எனப் படிப்படியாகப் பரவி, 2006 செப்ரெம்பரிலேயே பொதுமக்கட்குத் திறக்கப்பட்டது. ஆகவே அது புகுந்த கல்லூரிகளையும் புகாத கல்லூரிகளையும் ஒப்புநோக்கல் இயல்வதாயிற்று. பிராகியேரி, லெவி, மகரின் என்னும் பொருளியலறிஞர் மூவர் 775 அமெரிக்கக் கல்லூரிகளை இவ்வாறு ஆராய்ந்து 2022இல் தம் முடிபை வெளியிட்டனர். முகநூல் புகுந்தபின் மனச்சோர்வுக் குறிகள் மிகுந்தன; மனநலக் குறைவு தம் படிப்பைத் தாக்கிற்று என்போர் தொகையும் மிகுந்தது. பிறர் வாழ்வோடு தம் வாழ்வை ஒப்பிட்டு வருந்துதலே இதற்கு ஏதுவாகலாம் என்பது அவர்தம் கருத்து.

விரிவுரை மண்டபத்து நிகழும் தீங்கு வேறொன்று. விரிவுரையின்போது மடிக்கணினியிற் பிற கருமம் பார்த்தோர் குறைந்த புள்ளி பெற்றனர் எனவும், அத்திரையைக் காணும்படி அமர்ந்த அயலாரும் அவ்வாறே குறைந்தனர் எனவும் 2013இல் வெளியான கனடிய ஆய்வொன்று காட்டிற்று. எனவே இஃது ஒருவர் தம்மளவில் அமையும் குற்றமன்று.

எனினும் ஊடகத்தை முற்றாக விலக்குதல் பொருந்தாது. 2020இல் கொரோனாத் தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, நம் நாட்டு மாணாக்கர் பலர்க்குப் பாடக்குறிப்பும் அறிவித்தலும் வட்ஸ்அப் குழுக்கள் வழியாகவே வந்தன. கைத்தொலைபேசியன்றிப் பிறிதொரு கருவியில்லாதார்க்கு அதுவே நூலகமும் வகுப்பறையுமாயிற்று.

ஆதலின் வேண்டற்பாலது விலக்கன்று, வரையறையே. அறிவித்தல் பார்த்தற்கு நாளில் இருபொழுதை ஒதுக்குக. கற்கும்பொழுது தொலைபேசியை வேற்றறையில் வைக்க. விரிவுரையிற் குறிப்பைத் தாளில் எழுதுக. கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்பை இந்நாடு நமக்கு அளித்துள்ளது. அதனைப் பயன்கொள்ளற்கு வேண்டும் கவனத்தை மாணாக்கரே பேணிக்கொள்ளல் வேண்டும்.