கல்லில் எழுதிய அரசன்

விழுப்புரம் ஜில்லா மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி அதை அமைத்ததாக 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கேயே கல்லில் பொறித்து வைத்தான். முடியரசன் தன் செய்கையை ஊரறியச் சொன்னான்.

குடியரசில் நிலைமை என்ன? இணையத்தில் வெளியாவதைத் தடுப்பதற்கான 2009-ஆம் வருஷத்து விதிகளில் 16-வது விதி, வந்த புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் இரகசியமாகவே வைக்கச் சொல்கிறது. காஷ்மீர் வழக்கிலோ, இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளைப் பிரசுரிக்க வேண்டுமென்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஒரு கட்டுரையைத் தடுக்கும் உத்தரவுக்கும் அந்த நியாயம் வேண்டாமா?

தேசப் பாதுகாப்புக்காகச் சில சமயம் தடை அவசியமாகலாம். ஆனால் கண்ணில் காணாத உத்தரவை எதிர்த்து எந்தப் பிரஜை நியாயம் கேட்பான்? சர்க்கார் கல்லில் பொறிக்க வேண்டாம். காகிதத்தில் காட்டினால் போதும்!