ஆகாயத்தில் ஐந்து நிமிடக் குளியல்

விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே அதற்குள் குளிக்க முடியுமா?

முடியும், கண்ணு! துபாயிலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் போகும் எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்தில், முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தவர்கள் குளிக்கலாம். தரையிலிருந்து 11 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு ஷாம்பு போட்டு, வெந்நீரில் குளியல். சுவருக்கு அந்தப் பக்கம் மைனஸ் 50 டிகிரி குளிர்!

"கதை விடாதீங்க மாமா" என்கிறாயா? சபாஷ். எதையும் சட்டென்று நம்பிவிடாமல் கேள்வி கேட்கிறாய் பார், அதுதான் எனக்குப் பிடித்த குணம். வா, அந்த விமானத்துக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடலாம்.

ஏ380-க்கு இரண்டு மாடிகள். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை ஏறக்குறைய 80 மீட்டர். 2007 அக்டோபர் 25 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குத்தான் இது முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தது. இதைவிடப் பெரிய பயணிகள் விமானம் எதுவும் இதுவரை பறந்ததில்லை. 2021-க்குப் பிறகு புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே செய்தவற்றில் பல இன்னும் ஓடுகின்றன.

எமிரேட்ஸ் விமானத்தில் மேல்மாடியின் முன்பக்கம் 14 குட்டி அறைகள். ஒவ்வொன்றுக்கும் இழுத்து மூடும் கதவு உண்டு. இருக்கையை நீட்டினால் கட்டில் ஆகிவிடும். இந்த 14 பேருக்கும் சேர்த்து இரண்டு குளியலறைகள். கீழ்மாடியில் ஒரே வரிசையில் பத்துப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலே முன்பக்கத்தில் ஒரு வரிசைக்கு நாலே பேர்.

துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 13,400 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காமல் சுமார் 16 மணி நேரம் பறக்க வேண்டும்.

இப்போது ஒரு விளையாட்டு. முதல் வகுப்பில் ஒரு மாமி இருக்கிறார். கீழ்மாடியில் கடைசி வரிசையில் ஒரு அண்ணன் இருக்கிறார். மாமி கொடுத்தது அண்ணன் கொடுத்ததைப் போலப் பல மடங்கு பணம். அந்தப் பணத்துக்கு மாமிக்கு என்னென்ன கிடைக்கிறது, என்னென்ன கிடைக்கவில்லை? நாம் கண்டுபிடிக்கலாம்.

முதலில் குளியல். மாமிக்கு ஐந்து நிமிடத்துக்குத்தான் தண்ணீர். குளியலறையில் ஒரு விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கும், பிறகு சிவப்புக்கும் மாறி, தண்ணீர் தீரப்போகிறது என்று எச்சரிக்கும். சோப்புப் போடும்போது குழாயை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். கெட்டிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு தண்ணீரில் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அந்தக் கிலோவை 16 மணி நேரம் தூக்கிச் செல்ல எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளுக்கும் எடை உண்டு, இல்லையா? அதைத் தூக்க இன்னும் கொஞ்சம் எரிபொருள்! ஏ380-இன் தொட்டிகளில் 3,20,000 லிட்டர் வரை பிடிக்கும். தொட்டிகளை நிரப்பிக்கொண்டு தன் முழு எடையோடு கிளம்பினால், அந்த எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருள்தான். அதனால்தான் தொலைதூர விமானத்தில் ஒரு வாளித் தண்ணீருக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறார்கள்.

இதுவரை புரிந்ததா? நல்லது. அடுத்தது காற்று.

11 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே காற்றழுத்தம், கடற்கரையில் இருப்பதில் கால் பங்குக்கும் கீழே. அங்கே முகமூடி இல்லாமல் நம்மால் ஒரு நிமிடம்கூடத் தெளிவாக இருக்க முடியாது. அதனால் விமானம் தன் இன்ஜினுக்குள் நுழைந்து அழுந்திய காற்றில் கொஞ்சத்தைப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. அழுந்திய காற்று சுடும். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? அதே சூடுதான், இங்கே பல மடங்கு. அதை ஆறவைத்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.

ஆனால் கடற்கரையில் இருக்கும் அளவுக்கு உள்ளே அழுத்தத்தை ஏற்றுவதில்லை. ஏற்றினால் விமானத்தின் சுவர் உள்ளிருந்து அதிகமாகத் தள்ளப்படும். அதைத் தாங்கச் சுவரைத் தடிமனாக்க வேண்டும், எடை கூடிவிடும். பார்த்தாயா, மறுபடியும் எடை! அதனால் 2,400 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அப்படியென்றால் மாமியும் அண்ணனும் 16 மணி நேரம் ஊட்டியைப் போன்ற ஓர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். விமானத்தில் சிப்ஸ் பாக்கெட் ஏன் உப்பிக்கொள்கிறது, காது ஏன் அடைக்கிறது என்பது இப்போது உனக்கே தெரிந்திருக்குமே?

அழுத்தத்துக்கு வகுப்பு கிடையாது. மாமியின் அறைக் கதவு அதைத் தடுக்காது. இருவரும் சமம்.

அடுத்து ஈரம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகக் கேள்.

குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. மைனஸ் 50 டிகிரியில் இருக்கும் காற்றில் ஈரம் என்று ஒன்று இல்லை என்றே சொல்லிவிடலாம். அந்தக் காற்றுதான் இன்ஜினில் அழுந்திச் சூடாகி, பிறகு ஆறி உள்ளே வருகிறது. அதனால் விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான். சென்னையில் 70, 80 சதவீதம் சாதாரணம். விமானத்தில் மூக்கு வறண்டு, உதடு வெடித்து, கண் உறுத்துவது இதனால்தான்.

சரி, இருக்கிற அந்தக் கொஞ்ச ஈரம் எங்கிருந்து வருகிறது? உன் வாயைக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் "ஹா" என்று ஊது. கண்ணாடி மங்குகிறதா? அதுதான் விடை. பயணிகள் விடும் மூச்சிலிருந்தும் அவர்களுடைய தோலிலிருந்தும்தான் பெரும்பாலும் ஈரம் வருகிறது.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. யாருடைய பகுதி அதிகமாக வறண்டிருக்கும்? மாமியுடையதா, அண்ணனுடையதா?

யோசி. மேலே உள்ள பத்திகளில் துப்பு இருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டாயா? மாமியுடையதுதான்! ஒரு வரிசைக்குப் பத்துப் பேர் மூச்சுவிடும் இடத்தில் ஈரம் கூடுதல். நாலே பேர் இருக்கும் விசாலமான இடத்தில் குறைவு. விமானத்தில் காற்று மேலிருந்து வந்து அதே பகுதியின் தரையோரமாக வெளியேறும்படி அமைத்திருப்பார்கள். அதனால் அண்ணன் பக்கத்து ஈரம் மாமி பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. நிறையப் பணம் கொடுத்தவருக்குத்தான் அதிக வறட்சி. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

விமானக் கம்பெனிகளுக்கும் இது தெரியும். லுஃப்தான்சா என்ற ஜெர்மன் நிறுவனம் தன்னுடைய ஏ380 விமானங்களின் முதல் வகுப்பில் ஈரமூட்டும் கருவியைப் பொருத்தியது. "அப்படியென்றால் விமானம் முழுக்கப் பொருத்த வேண்டியதுதானே?" என்று நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அருமையான கேள்வி. விமானத்தின் வெளித்தோல் கடுங்குளிராக இருக்கும். ஈரக் காற்று சுவருக்குள் புகுந்து அதைத் தொட்டால் தண்ணீராகவும் பனியாகவும் படியும். அது உலோகத்தை அரிக்கும். அதோடு, படிந்த தண்ணீரையும் சுமந்துகொண்டு பறக்க வேண்டும்!

சாப்பாட்டுக்கு வருவோம். மாமிக்குப் பீங்கான் தட்டு, வெள்ளைத் துணி விரித்த மேசை. அண்ணனுக்கு மூடிபோட்ட சின்னப் பெட்டி. ஆனால் நாக்கு இருவருக்கும் ஏமாற்றும். 2010-இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்தார்கள். பெரிய குழாய் ஒன்றுக்குள் நிஜ விமானத்தின் ஒரு துண்டை வைத்து, அழுத்தத்தைக் குறைத்து, ஆட்களை உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். உப்பும் இனிப்பும் மங்கித் தெரிந்தன. வறண்ட மூக்குக்கு வாசனையும் சரியாக எட்டவில்லை. வாசனை போனால் ருசியில் பெரும்பங்கு போய்விடும். சளி பிடித்த நாளில் உனக்குச் சாம்பார் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்.

தக்காளிச் சாறு மட்டும் வேறு மாதிரி. தரையில் மண்வாடை அடிக்கிறது என்றவர்களுக்கே குறைந்த அழுத்தத்தில் அது பழச்சுவையோடு இனித்தது. 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. விமான இரைச்சலைக் கேட்டுக்கொண்டே சுவை பார்த்தால் இனிப்பு குறைகிறது, உமாமி என்ற சுவை கூடுகிறது என்று தெரிந்தது. தக்காளியிலும் காளானிலும் நிறைய இருப்பது அந்தச் சுவைதான். என்னைக் கேட்டால், ஆகாயத்துக்கு ஏற்ற சாப்பாடு நம் தக்காளி ரசம். எந்தக் கம்பெனி கேட்கப் போகிறது!

இரைச்சலில் மாமிக்கு லாபம் உண்டு. இன்ஜின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே. குலுக்கலில் அப்படி இல்லை. சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் தெரியாது, நுனியில் உட்கார்ந்தால் தெரியும். விமானத்தின் நடுப்பகுதி இறக்கைகள் இருக்கும் இடம்தான். வால்பக்கம் இருக்கும் அண்ணன் அதிகமாகக் குலுங்குவார். ஆனால் குலுக்கல் மிகக் குறைவு மாமிக்கும் இல்லை, இறக்கைக்கு நேராகச் சாதாரண வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு!

ஒன்றில் மட்டும் பணம் நன்றாகவே ஜெயிக்கிறது. படுக்கை. 1990-களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் முதல் வகுப்பில் முழுக்க நீட்டிப் படுக்கும் இருக்கையைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் செய்தார்கள்.

நீ உட்கார்ந்திருக்கும்போது பாதத்தில் இருக்கும் இரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தக் குழாய்களைப் பிழிந்து அதை மேலே தள்ளும். அசையாமல் உட்கார்ந்தால் அந்த வேலை நடக்காது. கால் வீங்கி, கழற்றிய ஷூ மறுபடி நுழையாது. சிலருக்கு எப்போதாவது இரத்தம் உறைந்து ஆபத்தும் வரலாம். படுத்துக்கொண்டால் பாதமும் இதயமும் ஒரே மட்டம், ஏற வேண்டிய உயரமே இல்லை. மாமி நிம்மதியாகத் தூங்குவார். அண்ணனுக்கு ஒரு வழி இருக்கிறது. அவ்வப்போது எழுந்து நடக்கட்டும், பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். காசு கேட்காத வைத்தியம்.

தூங்கி எழுந்தாலும் மாமி தப்பிக்க முடியாதது ஒன்று உண்டு. மூளையின் அடியில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, உடம்பின் கடிகாரம் இருக்கிறது. எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது பசிக்கவேண்டும் என்று சொல்வது அதுதான். கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் மெதுவாக, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில்.

குளிர்காலத்தில் துபாய் கடிகாரம் லாஸ் ஏஞ்சல்ஸ் கடிகாரத்தைவிட 12 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. துபாயில் காலை 8.30-க்குக் கிளம்பினார்கள் என்று வை. 16 மணி நேரம் கழித்து இறங்கும்போது துபாயில் நள்ளிரவு 12.30. லாஸ் ஏஞ்சல்ஸிலோ அதே நாள் மதியம் 12.30! வெளியே சூரியன் சுள்ளென்று அடிக்கிறது. மாமி, அண்ணன் இருவருடைய உடம்பும் "நடு ராத்திரி" என்று சொல்லிக் கொட்டாவி விடுகிறது.

காகிதமும் பென்சிலும் எடு. அதே இருவரும், லாஸ் ஏஞ்சல்ஸ் நேரத்துக்கு உடம்பு முழுக்கப் பழகிய பிறகு, அதே குளிர்காலத்தில் அங்கிருந்து வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குக் கிளம்புகிறார்கள். திரும்பும் பயணமும் 16 மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். துபாயில் இறங்கும்போது என்ன கிழமை, மணி என்ன? அப்போது அவர்கள் உடம்புக் கடிகாரம் என்ன சொல்லும்? விடையை எழுதிவிட்டு, வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது இதே கணக்கைக் கேட்டுப் பார். அவர்கள் தடுமாறினால் துப்புக் கொடுக்காதே!