கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் புகார்ப் புத்தகம்

(நமது டில்லி நிருபர்)

பாங்கிலோ, தபாலாபீஸிலோ, வேறு எந்தக் கௌண்டரிலோ வரிசையில் நின்றிருப்பீர்கள். உங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர். அந்த நேரம் பார்த்துத் திரை அசையாமல் நின்றுவிடும். உள்ளே இருக்கும் குமாஸ்தா கையை விரித்து, "சர்வர் டவுன்" என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது; நமக்கும் தெரியாது. வரிசையில் நிற்பவர்கள் அவரைத் திட்டுவார்கள்.

கண்ணாடிக்கு உட்புறம் உட்கார்ந்து அந்தத் திட்டுகளை வாங்குகிற ஜாதி நான். பத்தாவதுக்கு மேல் படிக்காதவன். கம்ப்யூட்டருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் நெடுநாளாக இருந்தது. இவ்வளவு பெரிய இயந்திரம் படுத்துக் கொள்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லாதா?

சொல்கிறது என்பதுதான் விடை. சொல்வது மட்டுமல்ல, தேதி, மணி, இடம் எல்லாம் போட்டு எழுதியே வைக்கிறது. அதை எடுத்துப் படிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

டில்லியில் வந்த முதல் இயந்திரம்

நமது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976இல் ஓடத் தொடங்கியபோது ரிசர்வேஷன் என்றால் நோட்டுப் புத்தகம்தான். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிப் பதிவேடு. இந்த வண்டிக்கு இந்தக் கௌண்டர் என்று தேடிப் போய் நிற்க வேண்டும். கரோல் பாகிலிருந்தும் ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் இரவிலேயே வந்து இடம் பிடித்தவர்கள் உண்டு.

1985ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி புது டில்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் சோதனை முறையில் தொடங்கியது. 'இம்ப்ரெஸ்' என்று அதற்குப் பெயர். அரசுக் கம்பெனியான சி.எம்.சி. அதை அமைத்தது. எந்தக் கௌண்டரிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் என்பது அன்று பெரிய அதிசயம். அடுத்த ஆண்டே ரயில்வேயின் கம்ப்யூட்டர் வேலைகளுக்கென்று 'கிரிஸ்' என்ற தனி அமைப்பு டில்லியில் ஏற்பட்டது. 1999இல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

அந்த முதல் இயந்திரங்கள் அமெரிக்காவின் டிஜிட்டல் கம்பெனி செய்த 'வாக்ஸ்' வகையைச் சேர்ந்தவை. வாக்ஸை நடத்தும் 'வி.எம்.எஸ்.' என்ற ஏற்பாட்டில் அப்போதே ஒரு நல்ல பழக்கம் இருந்தது. நினைவகத்திலோ டிஸ்க்கிலோ டேப்பிலோ ஒரு கோளாறு தட்டுப்பட்டால் அது உடனே குறித்துக் கொள்ளப்படும். அந்தக் குறிப்புகளை அவ்வப்போது எடுத்து 'எர்லாக்.சிஸ்' என்ற கோப்பில் சேர்ப்பதற்கென்றே ஒரு சிறு புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பை நேராகத் திறந்தால் ஒன்றும் விளங்காது. 'அனலைஸ் எரர் லாக்' என்று கட்டளை கொடுத்தால் மனிதர் படிக்கும்படியான ரிப்போர்ட் வரும். 'ஷோ எரர்' என்று கேட்டால் எந்தக் கருவியில் எத்தனை பிழை என்ற எண்ணிக்கை மட்டும் வரும்.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. வண்டி நின்றதும் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல சக்கரம் கணீர் என்று சொல்லும். விரிசல் விட்ட சக்கரத்தின் ஓசை வேறு. சக்கரம் பேசத்தான் செய்கிறது. காது கொடுக்க ஒருவர் வேண்டும்.

எழுபத்திரண்டு பெர்த் கணக்கு

இயந்திரம் தன் தவறைத் தானே எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்கு விடை சொன்னவர் ரிச்சர்ட் ஹாமிங் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். பெல் ஆய்வுக்கூடத்தில் அவர் வார இறுதியில் இயந்திரத்தில் கணக்குப் போட்டுவிட்டுப் போவார். இடையில் ஒரு பிழை நேர்ந்தால் இயந்திரம் அந்த வேலையையே விட்டுவிடும். திங்களன்று வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. 'தவறு என்று தெரிகிற இயந்திரத்துக்கு அது எங்கே என்று தெரியக் கூடாதா?' என்று எரிச்சலோடு யோசித்தவர், தவறைக் கண்டு திருத்தும் முறையை 1950இல் வெளியிட்டார்.

அதை நமது பாஷையில் சொல்கிறேன். பழைய ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டியில் ஒன்பது தடுப்புகள், தடுப்புக்கு எட்டு பெர்த், மொத்தம் 72. சர்வர் கம்ப்யூட்டர்களில் பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்துவரும் நினைவகப் பலகையும் அதே கணக்குதான். ஒன்பது சில்லுகள், சில்லுக்கு எட்டு பிட், மொத்தம் 72. இதில் 64 பெர்த்தில்தான் பயணிகள். மீதி எட்டு பெர்த்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சார்ட்டைச் சரிபார்க்கும் பரிசோதகர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பெர்த்தில் ஆள் மாறியிருந்தால் எந்த பெர்த் என்று கண்டுபிடித்துச் சரி செய்துவிடுவார்கள். இரண்டு பெர்த்தில் மாறியிருந்தால், மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள், திருத்த முடியாது.

ரிப்போர்ட்டில் வரும் இரண்டு வார்த்தைகளின் பொருள் இதுதான். 'கரெக்டபிள்' என்றால் திருத்தப்பட்ட பிழை. வேலை நிற்காது, யாருக்கும் தெரியாது. 'அன்கரெக்டபிள்' என்றால் திருத்த முடியாத பிழை. தப்பான கணக்கைத் தருவதைவிட நின்றுவிடுவது மேல் என்று இயந்திரம் பெரும்பாலும் நின்றுவிடும்.

பிட் ஏன் மாறுகிறது என்று கேட்கலாம். சில்லின் உறையில் இருந்த நுண்ணிய கதிரியக்கப் பொருளே காரணமாக இருந்ததை இன்டெல் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் 1978இல் கண்டு சொன்னார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களும் காரணம். சில்லு பழுதடைவதும் காரணம். 2003இல் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில் ஷார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு அதிகமாக விழுந்திருந்தது. 4,096 என்பது கம்ப்யூட்டர் கணக்கில் சரியாக ஒரே ஒரு பிட்டின் மதிப்பு. எங்கோ ஒரு பிட் மாறியதே காரணமாக இருக்கலாம் என்று விசாரித்தவர்கள் கருதினார்கள்.

கூகுள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்றில் ஒரு பங்கு கம்ப்யூட்டர்களில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது திருத்தப்பட்ட பிழை வந்திருந்தது. அப்படிப் பிழை வந்த பலகையில் பின்னால் திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்றும் தெரிந்தது. சிறு பிழை பெரும் பிழைக்கு முன்னறிவிப்பு. இதை மறக்கக் கூடாது.

எடுப்பது எப்படி?

இன்றைய சர்வர்களுக்குள் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். பெரியது மயங்கி விழுந்தாலும் சிறியது வேலை செய்யும். வெப்பம், விசிறி, மின்சாரம், நினைவகம் எல்லாவற்றையும் கவனித்துத் தன் புத்தகத்தில் எழுதும். எச்.பி. கம்பெனி இதை 'ஐ.எல்.ஓ.' என்கிறது, டெல் கம்பெனி 'ஐ-டிராக்' என்கிறது. லினக்ஸ் உள்ள இயந்திரத்தில் 'ஐ.பி.எம்.ஐ. டூல்' என்ற கருவியிடம் 'செல் லிஸ்ட்' என்று கேட்டால் பட்டியல் வரும். டிஸ்க்கின் உடல்நிலை தனியாக வேண்டுமானால் 'ஸ்மார்ட்' ரிப்போர்ட் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் புத்தகம் சிறியது. நிரம்பிவிட்டால் பல இயந்திரங்கள் புதிதாக எழுதுவதை நிறுத்திவிடும். நிரம்பிவிட்டதே என்று சிலர் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். முதலில் நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். பிறகுதான் அழிக்க வேண்டும்.

படிப்பது எப்படி?

நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, எப்போது? குட்டிக் கம்ப்யூட்டரின் கடிகாரம் பெரும்பாலும் கிரீன்விச் நேரம் காட்டும். நமது நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 1970 ஜனவரி 1 என்று தேதி இருந்தால் பயப்பட வேண்டாம்; அப்போது அதன் கடிகாரம் சரிசெய்யப்படாமல் இருந்தது என்று பொருள்.

இரண்டு, எங்கே? எந்தப் பலகை, எத்தனையாவது டிஸ்க் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை இயந்திரத்தின் மூடியில் ஒட்டியுள்ள படத்தோடு ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் நல்லதைக் கழற்றிவிட்டுக் கெட்டதை விட்டுவிடுவோம்.

மூன்று, திருத்தியதா, திருத்த முடியாததா?

நான்கு, எத்தனை தடவை? எப்போதோ ஒரு தடவை என்றால் குறித்துக்கொண்டு விட்டுவிடலாம். அதே பலகையில் தினமும், நாளுக்கு நாள் கூடுதலாக என்றால் மாற்றியே தீர வேண்டும். பல பலகைகளில் ஒரே நேரத்தில் வந்தால் பலகைகள் மேல் பழி போடக் கூடாது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் தாய்ப் பலகையையும் பார்க்க வேண்டும். டில்லியில் ஜூன் மாதத்து மத்தியானத்தில் ஏ.சி. நின்றுபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எப்போதும் முதல் பதிவைத் தேடுங்கள். வண்டி தடம் புரண்டால் விசாரணை அதிகாரிகள் கவிழ்ந்து கிடக்கும் பெட்டியோடு நிற்பதில்லை. சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய முதல் தடயம் எங்கே என்று பின்னோக்கி நடந்து போவார்கள். இதிலும் அப்படித்தான். கடைசியில் விழுந்தது டிஸ்க்காக இருக்கும். முதலில் நின்றது விசிறியாக இருக்கும்.

ஒரு கல்யாணக் கடன்

இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ள நேர்ந்தது ஒரு கஷ்டத்தினால். சில ஆண்டுகளுக்கு முன் நான் உறுப்பினராக இருந்த ஒரு சிக்கன நாணய சங்கத்தில் சர்வர் விழுந்துவிட்டது. நான்கு டிஸ்க் கொண்ட இயந்திரம். ஒரு டிஸ்க் கெட்டாலும் மற்ற மூன்றும் சமாளிக்கும்படியான ஏற்பாடு. ஆனால் விழுந்தது இரண்டு. கடைசியாக நகல் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

உறுப்பினர்கள் எல்லோரும் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும், அதைப் பார்த்துக் கணக்கை மறுபடியும் எழுத வேண்டும் என்றார்கள். அது முடியும்வரை புதுக் கடன் கிடையாது. எங்கள் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மனுப் போட்டிருந்தார். முகூர்த்தத்தைத் தள்ள முடியுமா? வெளியே வட்டிக்கு வாங்கினார். அந்த வட்டியைக் கட்டி முடிக்க அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இயந்திரத்தைப் பார்க்க வந்த இன்ஜினியர் திருநெல்வேலிப் பையன். முதல் காரியமாகப் புகார்ப் பட்டியலைத் தன் கம்ப்யூட்டரில் நகல் எடுத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அண்ணே, இது நேத்து வந்த சீக்கு இல்ல. 34 நாளைக்கு முன்னாலயே மூணாவது டிஸ்க் கெட்டுப் போகப் போகுதுன்னு எழுதியிருக்கு. 11 நாள் கழிச்சு அது போயிடுச்சு. அதுக்கப்புறம் 23 நாள் மூணே டிஸ்க்குல ஓடியிருக்கு. யாரும் பாக்கலையா?"

மஞ்சள் விளக்கு எரிந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 'வேலைதான் நடக்கிறதே' என்று இருந்துவிட்டார்கள். பீப் பீப் என்று கத்தியதை ஒருவர் நிறுத்தியும் வைத்திருந்தார். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த விளக்கைக் கவனிப்பது இன்னாருடைய வேலை என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. சில ஆயிரம் ரூபாயில் ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டிருந்தால் அந்தக் கல்யாணக் கடன் நேரத்துக்குக் கிடைத்திருக்கும்.

கையெழுத்துப் போட ஒரு ஆள்

ரயில்வே ரிசர்வேஷன் ஏற்பாட்டில் நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற அளவை ஒன்றரை லட்சத்துக்கு மேல் உயர்த்தப் போவதாக 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. அவ்வளவு பெரிய இடங்களில் இந்தப் புத்தகத்தைப் படிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. நமது கவலை சிறிய இடங்களைப் பற்றியது. சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், சின்ன ஆஸ்பத்திரிகள், கணக்கு அலுவலகங்கள். மூலையில் ஒரு சர்வர் இருக்கும். மேலே பழைய ஃபைல்கள் அடுக்கியிருக்கும்.

அங்கே வேலை செய்யும் நமது தமிழ் குமாஸ்தாக்களுக்கு ஒரு யோசனை. இன்ஜினியர் வரும்போது புகார்ப் பட்டியலை எப்படி எடுப்பது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அரை மணி நேர வேலை; பட்டம் தேவையில்லை. பிறகு சுவரில் ஒரு நோட்டுத் தொங்கட்டும். தேதி, புதிய பதிவு உண்டா இல்லையா, பார்த்தவர் கையெழுத்து. மூன்றே கட்டம். ஸ்டேஷனில் டியூட்டி மாறும்போது சார்ஜ் கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடுவதில்லையா? அது போலத்தான்.

எங்கள் சங்கத்தில் இப்போது அந்த நோட்டு இருக்கிறது. திங்கள்தோறும் கையெழுத்துப் போடுபவன் நான். பெரும்பாலும் 'ஒன்றும் இல்லை' என்றுதான் எழுதுகிறேன். சென்ற வருஷம் ஒரு திங்களன்று மட்டும் 'இரண்டாவது டிஸ்க், எச்சரிக்கை' என்று எழுதினேன். அந்த வாரமே மாற்றிவிட்டார்கள். உறுப்பினர் யாருக்கும் அது தெரியாது.